எந்த நகரம்? ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு

ஜெர்மனியில் வேலை கிடைத்த ஒருவருக்கு நகரத்தைப் பெரும்பாலும் நிறுவனமே முடிவு செய்துவிடுகிறது. கார் தொழில் என்றால் ஸ்டுட்கார்ட், மியூனிக், வொல்ஃப்ஸ்பூர்க், இங்கோல்ஸ்டாட். வங்கி என்றால் ஃபிராங்க்ஃபர்ட். விமானத் தயாரிப்புக்கு ஹாம்பர்க், சிப் தயாரிப்புக்கு டிரெஸ்டன், ரசாயனத்துக்கு லுட்விக்ஸ்ஹாஃபனும் லெவர்கூசனும், ஸ்டார்ட்அப்புக்குப் பெர்லின். உலகம் முழுக்கப் பெயர்பெற்ற எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் ஹைடல்பெர்க் பக்கத்தில் வால்டோர்ஃப் என்ற சின்ன ஊரில் இருக்கிறது. தொழில்கள் தலைநகரில் குவியாமல் நாடெங்கும் பரவியிருப்பதால், ஒரே தகுதி உள்ளவருக்கு இரண்டு மூன்று ஊர்களிலிருந்து வேலை ஆணை வருவது அரிதல்ல. ஒரே ஆணைதான் வந்தது என்றாலும், அலுவலகத்திலிருந்து ஒரு மணி நேர ரயில் தூரத்துக்குள் எந்த ஊரில் குடியிருப்பது என்ற முடிவு குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

தனியாக வருபவருக்கு எந்த ஊரும் ஓரளவு ஒத்துப்போகும். குடும்பம் என்றால் குழந்தையின் வயது, கணவன் மனைவியரில் உடன் வருபவரின் வேலை, வாடகை, மாநிலச் சட்டம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் நகரத்தைத் தீர்மானிக்கின்றன. ஊரின் அழகும் புகழும் இவற்றுக்குப் பிறகு. நான்கில் இங்கிருந்து போகிறவர்கள் யோசிக்கவே யோசிக்காதது மாநிலச் சட்டம்.

ஊருக்கு முன்னால் மாநிலம்

ஜெர்மனியில் 16 மாநிலங்கள். விசா, வருமான வரி விகிதம், மருத்துவக் காப்பீடு, குழந்தை ஒன்றுக்கு அரசு மாதந்தோறும் தரும் கிண்டர்கெல்ட் உதவித்தொகை எல்லாம் நாடு முழுக்க ஒன்றுதான். பொதுக் காப்பீட்டில் சேர்ந்தவரின் சம்பாதிக்காத துணைவருக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் சந்தா கிடையாது. இதுவும் எங்கும் பொது. ஆகவே இவற்றை வைத்து ஊர்களை ஒப்பிடுவதில் பயனில்லை. ஆனால் பள்ளிக்கூடமும் குழந்தைக் காப்பகமும் மாநிலத்தின் அதிகாரம். குடும்பத்தின் செலவும் நிம்மதியும் பெருமளவு இந்த இரண்டில்தான் அடங்கியிருக்கின்றன.

கீட்டா என்று அழைக்கப்படும் காப்பகத்தை எடுத்துக்கொள்ளலாம். பெர்லினில் எல்லா வயதுக் குழந்தைகளுக்கும் 2018 ஆகஸ்டிலிருந்து கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்காக மாதம் 23 யூரோ மட்டும். ஹாம்பர்க்கில் தினமும் 5 மணி நேரம் மதிய உணவோடு இலவசம்; அதற்கு மேல் வைத்துக்கொள்ளச் சொன்னால் பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம். ரைன்லாந்து-ஃபால்ட்ஸ் மாநிலத்தில் 2 வயது நிறைந்ததும் இலவசம். ஹெஸ்ஸனில் 3 வயது முதல் தினம் 6 மணி நேரம். நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலனில் பள்ளிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள். பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் இப்படிப் பொதுவான சலுகை எதுவும் இல்லை; அந்தந்த உள்ளாட்சி வைத்ததுதான் கட்டணம். 3 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை முழுநாள் விடுவதற்கு மாதம் சில நூறு யூரோ ஆகிவிடும்.

இது எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்கிறது என்பதற்கு ரைன் ஆற்றின் இரு கரைகளே போதும். ஒரு கரையில் மைன்ஸ், எதிர்க்கரையில் வீஸ்பாடன். இரண்டிலிருந்தும் எஸ்-பான் என்னும் புறநகர் ரயிலில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு ஏறத்தாழ 40 நிமிடப் பயணம். மைன்ஸ் ரைன்லாந்து-ஃபால்ட்ஸ், வீஸ்பாடன் ஹெஸ்ஸன். 2 வயதுக் குழந்தையோடு வரும் குடும்பம் மைன்ஸில் வீடெடுத்தால் காப்பகக் கட்டணம் இல்லை. பாலத்தைத் தாண்டி வீஸ்பாடனில் எடுத்தால் குழந்தைக்கு 3 வயதாகும்வரை கட்டணம் உண்டு. டான்யூப் ஆற்றில் உல்ம் நகரமும் நோய்-உல்மும் இதே மாதிரி எதிரெதிரே இருக்கின்றன. உல்ம் பாடன்-வூர்ட்டெம்பெர்க், நோய்-உல்ம் பவேரியா. அங்கே பள்ளி விதிகளே வேறாகிவிடுகின்றன.

கட்டணம் இல்லை என்பதால் இடம் உடனே கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வயது நிறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பக இடம் சட்டப்படியான உரிமை என்று 2013 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் இருந்தாலும், மேற்கு மாநிலங்களின் பெருநகரங்களில் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. லைப்ட்சிக், டிரெஸ்டன் போன்ற கிழக்கு நகரங்களில் நிலைமை எளிது. கம்யூனிச ஆட்சிக் காலத்தில் பெரும்பாலான தாய்மார்கள் வேலைக்குப் போனதால் அங்கே காப்பகங்கள் அப்போதே நிறையக் கட்டப்பட்டன. அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது. பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் முதலில் மாநகர அலுவலகத்தில் ஒரு கூப்பன் வாங்கிக்கொண்டு பிறகுதான் காப்பகம் தேட வேண்டும். வீட்டு முகவரி பதிவான மறுநாளே இதற்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

குழந்தையின் வயது

6 வயதுக்கு உட்பட்ட குழந்தை எந்த ஊரிலும் சில மாதங்களில் ஜெர்மன் பேசத் தொடங்கிவிடும். அந்த வயதில் மொழியை ஒரு காரணமாகக் கொண்டு ஊரை ஒதுக்கத் தேவையில்லை. பள்ளி வயது வந்துவிட்டால்தான் கணக்கு மாறுகிறது.

தொடக்கப் பள்ளி பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்போடு முடிகிறது. அதன் பிறகு குழந்தைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிக்கப்படுகிறார்கள்: பல்கலைக்கழகத்தை நோக்கிச் செல்லும் கிம்னாசியும், நடுத்தர அளவிலான ரியால்ஷூலே, தொழிற்பயிற்சிக்கு இட்டுச் செல்லும் பள்ளிகள், மூன்றையும் ஒரே கூரையில் வைத்திருக்கும் கெசாம்ட்ஷூலே. பத்து வயதில் இப்படிப் பிரிப்பதைப் பற்றி ஜெர்மனியிலேயே பல பத்தாண்டுகளாக வாதம் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த குழந்தைக்கு இதில் இன்னொரு சுமை கூடுகிறது. ஜெர்மன் மொழிப் பாடத்தில் வாங்கும் மதிப்பெண்ணும் இந்தப் பிரிவினைக்குச் சேர்த்துக்கொள்ளப்படும்.

கெடுபிடி அதிகம் பவேரியாவில்தான். ஜெர்மன், கணிதம், சூழலியல் ஆகிய மூன்று பாடங்களின் சராசரி 2.33 அல்லது அதைவிடச் சிறப்பாக இருந்தால்தான் கிம்னாசியும் போகலாம் என்று நான்காம் வகுப்புச் சான்றிதழ் சொல்லும். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 6 மிக மோசம்; ஆகவே சராசரி குறையக் குறைய நல்லது. எல்லை தவறியவர்களுக்கு நுழைவு வகுப்புத் தேர்வு என்று ஒரு வழி உண்டு. பாடன்-வூர்ட்டெம்பெர்க்கும் 2025-லிருந்து விதிகளை இறுக்கிவிட்டது. இதற்கு மாறாக ஹாம்பர்க், ஹெஸ்ஸன், நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் போன்ற மாநிலங்களில் ஆசிரியர் பரிந்துரை செய்வார். எந்தப் பள்ளி என்று முடிவெடுப்பது பெற்றோர். பெர்லினிலும் அதைச் சுற்றியுள்ள பிராண்டன்பூர்க்கிலும் தொடக்கப் பள்ளி ஆறாம் வகுப்புவரை நீள்கிறது. எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையோடு வருகிறவர்களுக்கு இந்த இரண்டு கூடுதல் ஆண்டுகள் பெரிய வரம். அதே குழந்தையை மூன்றாம் வகுப்பு நடுவில் பவேரியாவில் உள்ள மியூனிக் பள்ளியில் சேர்த்தால், மொழி கற்கவும் போட்டியில் நிற்கவும் ஒன்றரை ஆண்டுதான் மிஞ்சும். மியூனிக்கில் வேலை, குழந்தை மூன்றாம் வகுப்பு என்றால், ரியால்ஷூலே போய்ப் பிறகு மாறிக்கொள்ளும் வழியை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொள்வது விவேகம். ரியால்ஷூலே முடித்தவர் மேற்கொண்டு படித்துப் பல்கலைக்கழகம் செல்லும் பாதைகள் ஜெர்மனியில் பல உள்ளன. தமிழ்நாட்டுப் பெற்றோர் பயப்படும் அளவுக்கு அது மூடிய கதவு அல்ல.

மொழி தெரியாமல் வரும் மாணவர்களுக்கு எல்லா மாநிலங்களிலும் தனி வகுப்புகள் உண்டு. சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள்வரை அவற்றில் படித்துவிட்டு வழக்கமான வகுப்புக்கு மாறலாம். இந்த வகுப்பு எல்லாப் பள்ளிகளிலும் இருக்காது. வீட்டுக்கு அருகில் எந்தப் பள்ளியில் இருக்கிறது என்று மாநகரப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பேட்டையைத் தேர்ந்தெடுப்பது நலம். தொடக்கப் பள்ளி பல மாநிலங்களில் முகவரியை வைத்தே ஒதுக்கப்படுகிறது.

13 வயதைத் தாண்டிய பிள்ளைகள்தான் கடினமான நிலை. புது மொழியில் கிம்னாசியும் பாடத்திட்டத்தை எட்டிப் பிடிப்பது எல்லோராலும் ஆகாது. சர்வதேசப் பள்ளிகள் மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், டுசல்டோர்ஃப், ஹாம்பர்க், பெர்லின் எல்லா இடத்திலும் இருக்கின்றன. ஆண்டுக் கட்டணம் ஒரு பிள்ளைக்கே 15,000 யூரோவைத் தாண்டுவது சாதாரணம். நிறுவனம் அதை ஏற்குமா என்று வேலை ஆணையில் கையெழுத்திடும் முன் கேட்டுவிட வேண்டும். கையெழுத்திட்ட பிறகு கேட்டால் பலன் குறைவு. பெர்லினில் ஆங்கிலமும் ஜெர்மனும் கலந்து நடத்தும் அரசுப் பள்ளிகள் சில உண்டு. நெல்சன் மண்டேலா பள்ளி, ஜான் எஃப். கென்னடி பள்ளி ஆகியவை பெயர்பெற்றவை. படிப்புக்கு அங்கே கட்டணம் இல்லை, அதனாலேயே இடம் கிடைப்பது பெரும்பாடு. பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை இடையில் எடுத்துவருவதைவிட ஊரில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க விடுவது எத்தனையோ மேல். ஆனால் இந்தியப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் காட்டி ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்வது பொதுவாக முடியாது. ஓராண்டு ஆயத்தப் படிப்போ இந்தியாவில் ஓராண்டுக் கல்லூரிப் படிப்போ தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது என்பதும் ஊரைப் பொறுத்தது. மேற்கு, தெற்கு மாநிலங்களில் பல தொடக்கப் பள்ளிகள் மதியம் 12, 1 மணிக்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றன. பிற்பகல் பராமரிப்புக்கு ஹோர்ட் என்ற தனி ஏற்பாடு; அதற்கும் வரிசை. ஹாம்பர்க்கில் காலை 8 முதல் மாலை 4 மணிவரை பள்ளியிலேயே இலவசமாக வைத்துக்கொள்கிறார்கள். முழுநாள் பராமரிப்பு சட்ட உரிமையாவது 2026 ஆகஸ்டில் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறுகிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இந்த ஒரு விஷயமே இரண்டு நகரங்களுக்கிடையே முடிவு சொல்லிவிடக்கூடும்.

விடுமுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கோடை விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு தேதிகளில் வருகிறது. பவேரியாவில் ஆகஸ்ட் தொடக்கத்தை ஒட்டி ஆரம்பித்துச் செப்டம்பர் நடுப்பகுதிவரை. தமிழ்நாட்டின் மே மாத விடுமுறையோடு இது எந்த மாநிலத்திலும் பொருந்தாது. தை மாதக் கல்யாணத்துக்காகப் பள்ளி நாட்களில் பிள்ளையை அழைத்துச் செல்லத் தலைமையாசிரியர் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். பவேரிய விமான நிலையங்களில் போலீசார் பள்ளி வயதுப் பிள்ளைகளோடு பயணம் செய்தவர்களை நிறுத்திப் புகார் எழுதிய நிகழ்வுகள் உண்டு. கண்டிப்பான பவேரியாவில்தான் பொது விடுமுறை நாட்களும் அதிகம் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

துணைவரின் வேலை

நீல அட்டை (EU Blue Card) என்ற வேலை அனுமதியில் வருபவரின் கணவனோ மனைவியோ விசா வாங்க ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை. வந்த நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. சட்டம் அனுமதித்தாலும் ஊர் அனுமதிக்குமா என்பதே கேள்வி. ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை கிடைக்கக்கூடிய நகரங்களில் பெர்லின் முதலிடம்; மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க் அடுத்து. அதுவும் மென்பொருள், தரவு, நிதி, ஆராய்ச்சி போன்ற துறைகளில்தான். வொல்ஃப்ஸ்பூர்க், இங்கோல்ஸ்டாட் போன்ற ஒரே நிறுவனத்தை நம்பி வாழும் ஊர்களில் முதலாமவரின் சம்பளம் நன்றாகவே இருக்கும். இரண்டாமவருக்கு அந்த நிறுவனத்தின் கதவு திறக்கவில்லை என்றால் தட்டுவதற்கு வேறு கதவுகள் குறைவு. படித்த, பத்தாண்டு அனுபவம் உள்ள ஒருவர் வீட்டில் அடைந்து கிடப்பதால்தான் பல குடும்பங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊருக்குத் திரும்புகின்றன. குளிரை அதற்குக் காரணமாகச் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான்.

மருத்துவர், செவிலியர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்கு அரசின் அங்கீகாரம் வேண்டும். அதை வழங்குவது மாநில அலுவலகம். எந்த மாநிலத்தில் வேலை செய்யப் போகிறாரோ அங்கே விண்ணப்பம், அங்கே தேர்வு. மருத்துவருக்கு மருத்துவத் துறை மொழித் தேர்வு தனியாக உண்டு. விண்ணப்பம் ஓரிடத்தில் பாதியில் நிற்கும்போது குடும்பம் வேறு மாநிலத்துக்கு மாறினால் பல மாதங்கள் வீணாகும். இப்படிப்பட்ட தொழிலில் துணைவர் இருக்கும் வீடு, முதல் வேலைக்கான மாநிலத்தையே நீண்ட காலத்துக்கான மாநிலமாகக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மற்றவர்களுக்கு ஜெர்மன் வகுப்பு எளிதில் எட்டும் இடமாக இருப்பதே போதும். ஃபோக்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்வி நிலையம் ஏறக்குறைய எல்லா ஊர்களிலும் உண்டு. கட்டணம் தனியார் வகுப்புகளைவிடக் குறைவு. நீல அட்டைக்காரர் பி1 நிலை மொழித் தேர்ச்சியோடு 21 மாதங்களிலும், ஏ1 மட்டும் இருந்தால் 27 மாதங்களிலும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை கேட்கலாம். ஆகவே ஆங்கிலத்திலேயே காலம் தள்ள முடிகிற பெர்லின் ஒரு வகையில் வசதி, இன்னொரு வகையில் தடை.

சம்பளமும் வாடகையும்

வேலை ஆணையில் இருக்கும் எண் வருடச் சம்பளம், பிடித்தங்களுக்கு முன்பானது. இரண்டு ஆணைகளை அந்த எண்ணை வைத்து ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு மியூனிக்கில் 70,000 யூரோ, டிரெஸ்டனில் 60,000 யூரோ என்று இரண்டு ஆணைகள். வருடத்துக்கு 10,000 அதிகம் என்பது பெரிதாகத் தெரியும். வரியும் காப்பீடும் பிடித்தது போக மாதம் கையில் கூடுவது சுமார் 500 யூரோதான். இப்போது 80 சதுர மீட்டர் வீட்டைப் பார்க்கலாம். மியூனிக்கில் புதிதாக வாடகைக்கு விடும் வீடுகள் சதுர மீட்டருக்கு 20 யூரோவுக்கு மேல் கேட்கின்றன. டிரெஸ்டனில் ஏறத்தாழ 10. வீட்டு வாடகையில் மட்டும் மாதம் 800 யூரோவுக்கு மேல் வித்தியாசம். அதிகச் சம்பளம் வாங்குபவர் மாதம் 300 யூரோ குறைவாக வைத்திருப்பார். காப்பகச் செலவு இன்னும் கணக்கில் வரவில்லை. இருவரும் சம்பாதிக்கும் வீடாக இருந்து, இரண்டாவது சம்பளம் மியூனிக்கில்தான் கிடைக்கும் என்றால் இதே கணக்கு தலைகீழாகிவிடும்.

விளம்பரத்தில் போடும் வாடகை 'குளிர் வாடகை'. வெப்பமூட்டல், தண்ணீர், குப்பை, மாடிப்படி சுத்தம் ஆகியவை சேர்ந்தால் 'சூடான வாடகை'. மின்சாரமும் இணையமும் அதிலும் வராது. அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். இங்குள்ளவர்கள் எதிர்பார்க்காத ஒன்று, பல வீடுகளில் சமையலறை என்ற பெயரில் தண்ணீர்க் குழாயும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும் இருக்கும். மேடை, அலமாரி, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் குடிவருபவர் பொறுப்பு. விட்டத்தில் விளக்கு மாட்ட வேண்டிய இடத்தில் வெறும் வயர் தொங்கும். முன்பு இருந்தவர் தன் சமையலறையை விலை பேசி விட்டுச் செல்வதும் உண்டு. முதல் மாதச் செலவில் இதற்கு ஒரு தொகை ஒதுக்காவிட்டால் கையைக் கடிக்கும்.

பெருநகரங்களில் வாடகையைவிட வீடு கிடைப்பதே சிக்கல். ஒரு வீட்டைப் பார்க்கப் பலர் வரிசையில் நிற்பார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா என்னும் கடன் நம்பகச் சான்று, பாஸ்போர்ட் நகல் எல்லாம் அடங்கிய கோப்பு கேட்பார்கள். புதிதாக வந்தவரிடம் சம்பளச் சீட்டும் இருக்காது, ஷூஃபாவில் வரலாறும் இருக்காது. வேலை ஒப்பந்தமும் நிறுவனத்தின் கடிதமும்தான் துணை. மியூனிக்கிலும் பெர்லினிலும் இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். சிறு நகரங்களில் சில வாரங்களில் முடியும். இடமாற்ற உதவி நிறுவனத்தின் செலவை முதலாளி ஏற்றால் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அலுவலகம் உண்மையில் எங்கே

வேலை ஆணையில் எழுதியிருக்கும் நகரத்தின் பெயரை அப்படியே நம்ப முடியாது. ஸ்டுட்கார்ட் வேலை என்பது சிண்டல்ஃபிங்கனாக இருக்கலாம். பாஷ் ஆராய்ச்சி வளாகம் என்றால் ரெனிங்கன், போர்ஷே மேம்பாட்டு மையம் என்றால் வைஸாக். மியூனிக் என்பது கார்ஷிங்காகவும், ஃபிராங்க்ஃபர்ட் என்பது எஷ்போர்னாகவும் இருக்கக்கூடும். அலுவலகத்தின் தெரு முகவரியைக் கேட்டு வாங்கி, அங்கிருந்து ரயில் பாதையைத் தொடர்ந்து பார்த்துக் குடியிருப்பைத் தேட வேண்டும். ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில் எஸ்1 பாதை எஸ்லிங்கன், ஸ்டுட்கார்ட், போப்லிங்கன், ஹெரன்பெர்க் என்று நீள்கிறது. இந்தப் பாதையில் ஏதோ ஒரு நிலையத்தருகே வீடு கிடைத்தால் கார் இல்லாமல் சமாளிக்கலாம். ஏர்பஸ் ஊழியர்களின் ஃபிங்கன்வெர்டர் எல்பா ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. ஹாம்பர்க்கின் வடகிழக்கில் மலிவாக வீடு எடுத்தவர் தினமும் ஆற்றைக் கடக்க வேண்டும். லாண்டுங்ஸ்ப்ரூக்கன் துறையிலிருந்து 62-ஆம் எண் படகு போகிறது, அதுவும் பேருந்து போலவே மாநகரப் போக்குவரத்துச் சீட்டில். வெயில் நாளில் இனிமை, நவம்பர் காற்றில் அப்படிச் சொல்ல முடியாது.

நாடு முழுக்க உள்ளூர், வட்டாரப் பேருந்து, ரயில் அனைத்திலும் செல்லும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. அதிவேக ரயில்களில் இது செல்லாது. இந்தச் சீட்டு வந்த பிறகு அவுக்ஸ்பூர்க்கில் குடியிருந்து மியூனிக்கில் வேலை பார்ப்பது போன்ற ஏற்பாடுகள் மலிவாகிவிட்டன. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடிந்தால் இப்படிப்பட்ட இரண்டாம் நிலை நகரங்களே குடும்பத்துக்குச் சரியான இடம். தினமும் போக வேண்டுமானால் ஒரு வழிக்கு 45 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. காப்பகம் மூடும் நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும், ஜெர்மன் ரயில்களோ நேரம் தவறாமைக்குப் பெயர்போன காலத்தைக் கடந்துவிட்டன.

தமிழர், கோயில், கடை

தமிழ்ச் சூழல் முக்கியம் என்று கருதும் குடும்பத்துக்கு நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் முதல் தேர்வு. 1980-களில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத்தமிழர்களில் பெரும்பகுதியினர் டார்ட்மண்ட், எஸன் உள்ளிட்ட ரூர் பகுதியிலும் அதைச் சுற்றியும் குடியேறினார்கள். ஹம் நகரின் உவென்ட்ரோப் பகுதியில் 2002-ல் குடமுழுக்கு நடந்த ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் கோபுரத்தோடு கூடிய பெரிய கோயில். கோடையில் நடக்கும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். முருங்கைக்காய், சிவப்பரிசி மா, கறித்தூள் விற்கும் கடைகளும், வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பள்ளிகளும் இந்த வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும். பள்ளிகளை நடத்துவோர் பெரும்பாலும் ஈழத்தமிழர். பாடநூலும் பேச்சும் அவர்கள் வழக்கில் இருக்கும். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 'கதைப்பதற்கு' ஒரு மாதத்தில் பழகிவிடுகிறார்கள். பெர்லினில் பிரிட்ஸ் பகுதியில் முருகன் கோயில் உண்டு. மியூனிக், ஃபிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட் நகரங்களில் மென்பொருள், பொறியியல் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பெருகிவருகின்றன. பொங்கலும் தீபாவளியும் அரங்கு எடுத்துக் கொண்டாடும் அளவுக்கு.

இந்தியத் தூதரகம் பெர்லினில். துணைத் தூதரகங்கள் ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க், மியூனிக் ஆகிய மூன்று நகரங்களில். பாஸ்போர்ட் புதுப்பிக்கவும் பிறந்த குழந்தையைப் பதிவு செய்யவும் இவை தேவைப்படும். ஆனாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேலைக்காக ஊரை மாற்ற வேண்டியதில்லை. சென்னைக்கு நேரடி விமானம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து இருக்கிறது. வயதான பெற்றோர் தனியாக வந்து போகும் வீட்டுக்கு அது பெரிய உபகாரம். தட்பவெப்பத்தில் ஊருக்கு ஊர் உள்ள வேறுபாடு நினைப்பதைவிடக் குறைவு. டிசம்பரில் பெர்லினிலும் ஹாம்பர்க்கிலும் மாலை 4 மணிக்கே இருட்டிவிடும். தெற்கே சற்றுத் தாமதமாக.

வெளிநாட்டவர் மீதான மனப்பான்மையைப் பற்றி மழுப்பாமல் சொல்வதே நல்லது. கிழக்கு மாநிலங்களில் குடியேற்ற எதிர்ப்பு அரசியலுக்கு ஆதரவு அதிகம். 2024 செப்டம்பரில் துரிங்கியா சட்டமன்றத் தேர்தலில் அந்த அரசியலை முன்வைக்கும் ஏ.எஃப்.டி. கட்சியே முதலிடம் பிடித்தது. ஆனாலும் லைப்ட்சிக், டிரெஸ்டன், யேனா போன்ற பல்கலைக்கழக நகரங்களின் உட்பகுதிகளில் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்களும் ஊழியர்களும் வாழ்கிறார்கள். அந்நகரங்களைச் சுற்றியுள்ள சிறு ஊர்களில் வாடகை குறைவு என்று போய் உட்காருவதற்கு முன் அங்கே ஏற்கெனவே இருக்கும் ஓர் இந்தியக் குடும்பத்திடம் பேசிவிட வேண்டும்.

முதல் வீடு

வேலைக்கு வருபவர் முதலில் தனியாக வந்து, மூன்று நான்கு மாதம் சாமான்களோடு கூடிய தற்காலிக வீட்டில் இருந்து, நிரந்தர வீடு எடுத்த பிறகு குடும்பத்தை அழைப்பதே பலருக்கும் ஒத்துவரும் முறை. தற்காலிக வீடு முகவரிப் பதிவுக்கு அனுமதி தரும் வீடாக இருக்க வேண்டும். குடிவந்து இரண்டு வாரங்களுக்குள் மாநகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது கட்டாயம். வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டு இல்லாமல் பதிவு நடக்காது. பதிவு இல்லாமல் வரி எண்ணும் கீட்டா விண்ணப்பமும் நகராது.

அஞ்சல் பெட்டியில் பெயர் ஒட்டுவது அற்பமாகத் தோன்றலாம். ஜெர்மனியில் அஞ்சல்காரர் அடுக்குமாடிக்குள் வீட்டு எண்ணைப் பார்க்க மாட்டார், பெட்டியில் உள்ள குடும்பப் பெயரைப் பார்ப்பார். அடுக்குமாடி வீடுகளுக்குத் தனித்தனி எண்ணே பெரும்பாலும் கிடையாது. தமிழ்க் குடும்பத்தில் கணவன், மனைவி, பிள்ளை மூவரின் பாஸ்போர்ட்டிலும் கடைசிப் பெயர் மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் ஒட்டாவிட்டால் பிள்ளையின் காப்பீட்டு அட்டையோ மனைவியின் குடியேற்ற அலுவலகக் கடிதமோ அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

தேர்ந்தெடுத்த ஊர் ஒத்துவரவில்லை என்றால் மாறிக்கொள்ளலாம். வாடகைதாரர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டைக் காலி செய்யும் உரிமை பெற்றவர். ஒப்பந்தத்தில் இத்தனை ஆண்டு காலி செய்ய மாட்டேன் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும், நான்கு ஆண்டுவரை அப்படிக் கட்டிப்போட முடியும். நீல அட்டையில் வந்து 12 மாதத்துக்குள் வேலை மாறினால் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஊர் மாறினால் கோப்பும் புது ஊர் அலுவலகத்துக்கு மாறும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் மாற்றத்தைக் கோடை விடுமுறைக்குள், நான்காம் வகுப்புக்கு முன்போ கிம்னாசியும் சேர்ந்து ஓராண்டு கழிந்த பிறகோ வைத்துக்கொள்வது வசதி.